கர்நாடகக் குழல் விரலமைப்பில் மின்னணு ஊதுகருவி: அரைத்துளைக் கமகம் வருமா?

குழல்காற்று:

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு மின்னணுக் குழலின் முழுத் திட்டத்தை இங்கே வைக்கிறேன். தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்ளலாம்.

அகாய் நிறுவனம் 1987-ல் இடபிள்யூஐ என்ற மின்னணு ஊதுகருவியைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து இந்த வகைக் கருவிகளில் விரல் வைக்கும் இடம் ஒரு சுவிட்சு மாதிரிதான்: தொட்டால் உண்டு, எடுத்தால் இல்லை. நம் குழலில் பாதி சங்கீதம் துளையைப் பாதி மூடுவதில் இருக்கிறது. காகலி நிஷாதத்துக்கு மூன்றாம் துளையில் விரல் பாதிதான் நிற்கும். அந்த இடத்தைப் பிடிக்காத கருவியில் சங்கராபரணம் வாசிக்க மனசு வராது. எனவே இந்தத் திட்டத்தில் எல்லாமே அரைத்துளையைச் சுற்றித்தான்.

வாங்க வேண்டியவை: ராஸ்பெர்ரி பை பிக்கோ (நிரல் ஓடும் சின்ன போர்டு) 1. எம்பிஆர்121 தொடு உணரி போர்டு 1 (12 சேனல்). எம்பிஎக்ஸ்வி5010ஜிபி காற்றழுத்த உணரி 1 (0 முதல் 10 கிலோபாஸ்கல்). ஒட்டும் செம்பு டேப், 30 கேஜ் ராப்பிங் வயர், கேப்டன் (Kapton) என்ற மெல்லிய மின்காப்பு டேப். மீன்தொட்டிக் காற்றுக்குழாய் 1 மீட்டர், அதற்கான டி-இணைப்பு 1, காற்றைக் கூட்டிக் குறைக்கும் சின்ன வால்வு 1. உணரியின் மூக்குக்கு 3 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிகான் குழாய் ஒரு சாண். மின்தேக்கி 1 மைக்ரோஃபாரட், 0.01 மைக்ரோஃபாரட், 470 பிக்கோஃபாரட் ஒவ்வொன்று. மின்தடை 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம். உடம்புக்கு 32 மி.மீ. பிவிசி பைப் 45 செ.மீ.

வயரிங்குக்குப் போடும் 25 மி.மீ. பைப் கைக்கு இதமாகத்தான் இருக்கும், ஆனால் வாங்காதீர்கள். பிக்கோவின் அகலமே 21 மி.மீ. பைப்பின் சுவர் கனத்தைக் கழித்தால் உள்ளே அது படுக்காது.

இணைப்பு: அழுத்த உணரிக்கு 5 வோல்ட் வேண்டும், பிக்கோவின் 40-ஆம் காலிலிருந்து எடுக்கலாம். உணரியின் மின்காலுக்கும் தரைக்கும் நடுவே 1 மைக்ரோஃபாரடும் 0.01 மைக்ரோஃபாரடும், வெளியீட்டுக்கும் தரைக்கும் நடுவே 470 பிக்கோஃபாரடும், எல்லாம் உணரியை ஒட்டியே. வெளியீடு 4.7 வோல்ட் வரை ஏறும். பிக்கோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அதனால் 10 கிலோ ஓம் மேலே, 20 கீழே வைத்து மூன்றில் இரண்டாகக் குறைத்து 31-ஆம் காலுக்கு (ஜிபிஐஓ 26). எம்பிஆர்121-க்கு 36-ஆம் காலிலிருந்து 3.3 வோல்ட். 5 கொடுத்தால் போய்விடும்.

சேனல்கள்: விரல் துளை 7, இடது கட்டைவிரலுக்கு ஸ்தாயித் தகடு (மந்திரம், மத்தியம், தாரம்) 3, ஆக 10. மீதி 2 சும்மா இருக்கட்டும். வலது கட்டைவிரல் படுகிற இடத்தில் ஒரு வெற்றுச் செம்புப் பட்டை, நேராகத் தரைக்கு. இதை விட்டுவிட்டால் தொடு உணர்வு நிலையாக நிற்காது.

விரலமைப்பு, வாய்ப் பக்கத்திலிருந்து எண்ணினால்: 2 துளை மூடினால் ச. 1 மூடினால் ரி2, எல்லாம் திறந்தால் க3. 3 மூடினால் நி2, 4-க்கு த2, 5-க்கு ப, 6-க்கு ம1. அரைப்படிக் கணக்கில் (ஒரு ஸ்தாயிக்கு 12) ச பூஜ்யம் என்றால் மேலே 2, 4. கீழே 2, 3, 5, 7. ஏழாம் துளைக்குத் தகடு மட்டும் ஒட்டிவையுங்கள், தேவைப்படும்போது நிரலில் சேர்க்கலாம்.

சால்டர்புகை:

திட்டம் நல்லா இருக்கு. ஒரே ஒரு திருத்தம், அது முக்கியமானது. அந்த உணரியோட வெளியீடு முழு அளவில் 0.1 மில்லிஆம்பியர்தான் கொடுக்கும்னு தரவுத்தாளில் போட்டிருக்கு. நீங்க சொன்ன 10-ம் 20-ம் சேர்ந்தா 30 கிலோ ஓம். 4.7 வோல்ட்டில் 0.157 மில்லிஆம்பியர் இழுக்கும். கருவி வேலை செய்யுற மாதிரியே இருக்கும், ஆனா பலமா ஊதும்போது மேல் பகுதி அமுங்கிப்போகும். காரணம் தெரியாம நிரலில் தேடிட்டு இருப்பாங்க.

33 கிலோ ஓம் மேலே, 68 கீழே போடுங்க. மொத்தம் 101, இழுப்பு 0.05-க்கும் குறைவு. விகிதம் 0.673. மின்தடை கூடிட்டதால பிக்கோவின் ஏடிசி காலில் (மின்னழுத்தத்தை எண்ணா மாத்துற அந்த 31-ஆம் கால்) 0.1 மைக்ரோஃபாரட் ஒண்ணு தரைக்குப் போடணும், இல்லைன்னா அளவு துள்ளும். அந்த இணைப்பே 2 மில்லிவினாடி வடிகட்டியாவும் ஆயிடும். மூச்சுக்கு அது ஒரு தாமதமே இல்லை.

இன்னொண்ணு: நிரல் தொடக்கத்தில் ஜிபிஐஓ 23-ஐ மேல் நிலையில் வையுங்க. பிக்கோவில் உள்ள மின்சீராக்கி மிச்சப்படுத்தும் முறையை விட்டுட்டு ஒரே சீரா ஓடும், ஏடிசி இரைச்சல் குறையும். ஒரு வரி வேலைதான்.

குழல்காற்று:

சரியான பிடி, நன்றி. இனி எல்லோரும் 33-ம் 68-ம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் ஒரு கிலோபாஸ்கலுக்கு ஏடிசியில் சுமார் 376 எண் வரும், ஊதாமல் இருக்கும்போது சுமார் 167.

இந்த உணரியின் வெளியீடு அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். யுஎஸ்பி கேபிள் நீளமாக இருந்து 5 வோல்ட் 4.8 ஆனால் பூஜ்யமும் நகரும். எனவே 167 என்று நிரலில் எழுதிவைக்காதீர்கள். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் முதல் அரை வினாடியில் 200 அளவு எடுத்து, அதன் சராசரியைப் பூஜ்யமாக வையுங்கள். அந்த அரை வினாடி வாயில் வைக்கக் கூடாது.

புதுக்கை:

ஐயா, ஒரு அடிப்படைச் சந்தேகம். குழலைக் குறுக்கே பிடித்து முத்திரைத் துளையின் மேலே ஊதுவது போலவே இதிலும் ஊத முடியுமா? விரல் பழக்கம் அப்படியே வரணும்னு ஆசை.

குழல்காற்று:

ஊத முடியாது தம்பி. குழலில் காற்று துளையின் விளிம்பில் பட்டுப் பாதி வெளியே போகிறது, உள்ளே அழுத்தம் சேர்வதே இல்லை. இந்த உணரிக்கு அழுத்தம்தான் தெரியும். காற்று முழுவதும் வாயிலிருந்து குழாய்க்குள் போக வேண்டும்.

கையின் நிலையை மாற்ற வேண்டியதில்லை. முத்திரைத் துளை இருக்கும் இடத்தில் பக்கவாட்டில் 10 மி.மீ. துளை போட்டு, 4 செ.மீ. நீளத்துக்கு ஒரு ஊதுமுனையை வெளியே நீட்டிவிடுங்கள். உதட்டுக்குள் அதைக் கவ்விக்கொண்டால் குழல் குறுக்கேதான் நிற்கும், விரல்களும் பழகிய இடத்திலேயே விழும். உதட்டு வேலை மட்டும் மாறும்.

காற்று வழியைப் பற்றிச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பலர் கோட்டைவிடும் இடம் இது. ஊதுமுனையிலிருந்து வரும் குழாய் டி-இணைப்பில் இரண்டாகப் பிரியட்டும். ஒரு கிளை வால்வு வழியாக வெளியே போக வேண்டும். வெளியேறும் வழி இல்லாவிட்டால் ஊதுபவர் பலூனை ஊதுகிற நிலைதான்: காற்று தீராது, ஆனால் பழைய மூச்சை வெளியே விடவும் முடியாது, இரண்டு நிமிடத்தில் தலை கனக்கும். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒரு ஆவர்த்தனம் வாசித்தால் மூச்சு இயல்பாகத் தீர்கிற அளவில் நிறுத்துங்கள்.

மற்றக் கிளை உணரிக்கு. வாசிக்கும் நிலையில் அது மேல்நோக்கி ஏற வேண்டும், 6 முதல் 8 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். முனை அடைபட்டிருப்பதால் உள்ளே ஓட்டம் இல்லை, எச்சில் ஈரம் கீழ்க்கிளை வழியாகவே வடிந்துவிடும். இந்த உணரி உலர்ந்த காற்றுக்கென்று செய்தது. ஈரம் உள்ளே போனால் முதலில் பூஜ்யம் மெல்ல நகரும், பிறகு ஒரு நாள் நின்றுவிடும். குழாயின் நேர்முனையில் உணரியைச் சொருகுவது அதைக் கொல்லும் வழி.

ரிச்சிதெருவாசி:

சென்னையில் இருக்கறவங்களுக்கு: பிக்கோ, எம்பிஆர்121, செம்பு டேப் எல்லாம் ரிச்சி தெருவில் தேடலாம். குழாய், டி, வால்வுக்குக் கொளத்தூர் மீன் கடைகள். மீன்தொட்டிக் குழாய் 4 மி.மீ. உள்விட்டம், உணரியின் மூக்கில் தளர்வா நிக்கும். அதுக்குத்தான் மேலே சொன்ன 3 மி.மீ. சிலிகான். ரெண்டுக்கும் நடுவே ஒட்டு வைக்கும்போது சூப்பர் பசை வேண்டாம், அதோட ஆவி உணரிக்குள்ள போகும். ஒன்றுக்குள்ள ஒன்றைச் சொருகி, மேலே சின்ன ஜிப் டை போட்டு இறுக்கினா போதும்.

அழுத்த உணரி வாங்கும்போது பெயரில் வரும் எண்ணைப் பாருங்க. சிலது 10, சிலது 50 கிலோபாஸ்கல், சிலது 100. நமக்கு 50 வாங்கினா மூச்சோட வீச்சு பத்தில் ஒரு பங்கு அளவுகோலுக்குள்ள சுருங்கிடும்.

மிடிமேளம்:

உணரி சரியா அளக்குதான்னு பார்க்க விலையுள்ள கருவி எதுவும் வேண்டாம். மீன்தொட்டிக் குழாயையே ஒரு மீட்டர் நீளம் எடுத்து யு வடிவில் சுவரில் ஒட்டி, பாதி வரை தண்ணி விடுங்க. ஒரு முனையை டி வழியா உணரியோட சேர்த்து, வால்வை மூடிட்டு ஊதுங்க. ரெண்டு பக்கத் தண்ணி மட்டத்துக்கும் இடையே 30.6 செ.மீ. வித்தியாசம் வந்தா அது 3 கிலோபாஸ்கல். மின்சாரம் சரியா 5 வோல்ட் இருந்தா ஏடிசியில் சுமார் 1295 காட்டணும். அந்த நிலையில் குழாயைக் கிள்ளிப் பிடிச்சு பத்து வினாடி பாருங்க. மட்டம் இறங்கினா எங்கோ ஒழுகுது. பெரும்பாலும் ஊதுமுனை பைப்பில் நுழையுற இடம்தான்.

சுரம் தொடங்கும் வாசல் (அழுத்த எல்லை) 0.15 கிலோபாஸ்கல், நிறுத்தும் வாசல் 0.10 என்று ரெண்டு வையுங்க. ஒரே எண் வச்சா மெல்ல முடிக்கும்போது சுரம் வெட்டி வெட்டிக் கேட்கும்.

சால்டர்புகை:

தகட்டைப் பத்தி யாரும் இன்னும் பேசலை. அரைத்துளை வேணும்னா செம்பை வெறுமனே விடக்கூடாது. தோல் நேரா உலோகத்தில் பட்டதும் அளவு ஒரே தாவில் கடைசிக்குப் போயிடும், நடுவில் ஒண்ணுமே இருக்காது. செம்பு வட்டம் 10 மி.மீ., அதுக்கு மேலே கேப்டன் டேப் ஒரு அடுக்கு. இப்போ விரல் எவ்வளவு பரப்பை மூடுதோ அதுக்கேத்த மாதிரி அளவு ஏறும். ரெண்டு அடுக்கு போட்டா வீச்சு குறைஞ்சு இரைச்சலோட கலந்துடும்.

தகட்டுக்குப் போற வயர்கள் ஒண்ணை ஒண்ணு ஒட்டி ஓடக்கூடாது. ரிப்பன் கேபிள் அழகா இருக்கும், ஆனா மூணாம் துளையைத் தொட்டா நாலாவதும் கொஞ்சம் அசையும். எம்பிஆர்121-ஐ பைப்பின் நடுவில், நாலாம் துளைக்கு நேர் கீழே வையுங்க. எந்த வயரும் 10 செ.மீ. தாண்டாது.

அரைத்துளை:

எம்பிஆர்121-ஐ அரைத்துளைக்குப் பயன்படுத்தும்போது இரண்டு அமைப்புகளை மாற்றியே ஆகவேண்டும். அதைச் செய்யாமல் "சிப் சரியில்லை" என்று ஒதுக்குவது நியாயமில்லை.

முதலாவது வேகம். சிப் எழும்போது அதன் இயல்பான அமைப்பு 16 மில்லிவினாடிக்கு ஒரு முறை, 4 மாதிரிக்கு ஒரு முடிவு. பெருக்கினால் 64 மில்லிவினாடி. துரித காலத்தில் விரல் மாறி முடிந்த பிறகுதான் சுரம் வரும். சிப்பின் அமைப்புப் பதிவகம் 93-ல் (தசம எண்) பைனரி 00100000 எழுதினால் 1 மில்லிவினாடிக்கு ஒரு முறை ஆகும், முடிவு 4 மில்லிவினாடியில்.

இரண்டாவது அடித்தளம், அதாவது தொடாத நிலையின் அளவு. இந்தச் சிப் சுவிட்சு வேலைக்கென்று செய்தது. தகட்டின் அளவு மெல்ல மாறினால் அதைத் தட்பவெப்ப மாற்றம் என்று நினைத்து அடித்தளத்தைத் தானே நகர்த்திக்கொள்ளும். விரலைப் பாதியில் வைத்து ஒரு நீண்ட நி3 (காகலி நிஷாதம்) பிடித்தால், சில வினாடியில் அந்தப் பாதியையே "திறந்தது" என்று எடுத்துக்கொள்ளும். நாம் தொடு/விடு முடிவைப் பார்க்காமல் வடிகட்டிய அளவையே நேராகப் படிக்க வேண்டும், அடித்தளம் நகர்வதையும் நிறுத்திவிட வேண்டும். பதிவகம் 94-ல் கடைசியாக 01001100: முதல் இரண்டு இலக்கம் நகர்வை நிறுத்தும், கடைசி நான்கும் 12 சேனலையும் இயக்கும். மற்றப் பதிவகங்களை எழுதும் முன் 94-ல் பூஜ்யம் எழுதிச் சிப்பை நிறுத்துங்கள். ஓடும்போது எழுதினால் ஏற்காது.

அளவுத்திருத்தம்: ஒவ்வொரு தகட்டுக்கும் திறந்த அளவு, முழுதும் மூடிய அளவு இரண்டையும் சேமியுங்கள். தொட்டால் இந்த எண் குறையும், கூடாது. மூடிய பங்கு என்பது, திறந்த அளவிலிருந்து இப்போதைய அளவைக் கழித்து, அதைத் திறந்த அளவுக்கும் மூடிய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுப்பது. இது 8 சதவீதத்துக்குக் கீழே போனால் பூஜ்யம், 92-க்கு மேலே போனால் முழுசு என்று ஒட்டவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விரல் அமைதியாக இருக்கும்போதும் ஸ்ருதி அலையும்.

பிறகு மேலிருந்து எண்ணுங்கள். முழுதாக மூடாத முதல் துளை எதுவோ அதன் பங்கு மட்டும் கணக்கு. அதற்குக் கீழே உள்ள விரல்களைக் கண்டுகொள்ள வேண்டாம்.

மிடிமேளம்:

இந்தப் பங்கை மிடியில் (கருவி சின்தசைசரோட பேசும் முறை) எப்படி அனுப்புறது? சுரத்துக்கு ஒரு நோட், நடுவில் பிட்ச் பெண்டுன்னு (ஸ்ருதியை வளைக்கும் செய்தி) போனா, விரல் முழுசா மூடின நொடியில் புது நோட் அனுப்பி பெண்டை நடுவுக்குக் கொண்டுவரணும். ரெண்டும் ஒரே நேரத்தில் சேராது. சின்னதா ஒரு துள்ளல் கேட்கும்.

அரைத்துளை:

அதனால்தான் மூச்சுக்கு ஒரே நோட் என்பது என் கருத்து. ஊதத் தொடங்கும்போது ஆதார ஷட்ஜத்துக்கு ஒரு நோட் அனுப்புங்கள், பெண்டை அதற்கு முன்பே உரிய இடத்தில் வைத்துவிடுங்கள். மூச்சு நிற்கும் வரை புது நோட்டே வேண்டாம், எல்லாச் சுரமும் பெண்டிலேயே ஓடட்டும். நாக்கால் வெட்டினால் அழுத்தம் வாசலுக்குக் கீழே போகும், அப்போது அடுத்த நோட்.

பெண்டின் வீச்சை 24 அரைப்படியாக வையுங்கள். மூன்று ஸ்தாயியும் அடங்கும்: மேலே 12-ம் 4-ம் சேர்ந்து 16, கீழே 12-ம் 7-ம் சேர்ந்து 19. கட்டுப்பாட்டு எண் 101-க்கு 0, 100-க்கு 0, 6-க்கு 24, 38-க்கு 0 என்று வரிசையாக அனுப்பினால் அமையும். நடு எண் 8192. ஒரு அரைப்படிக்கு 341.33. அப்படியானால் ச 8192, காகலி நிஷாதம் 7851, கைசிகி நிஷாதம் (நி2) 7509. விரல் மூன்றாம் துளையில் மெல்ல இறங்கும்போது எண் 8192-லிருந்து 7509 வரை படியே தெரியாமல் சறுக்கும். ஒரு படி என்பது 0.3 செண்டுக்கும் குறைவு (ஒரு அரைப்படி 100 செண்ட்).

இதில் இன்னொரு நன்மை, சம இடைவெளி ஸ்ருதியில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அந்தர காந்தாரத்தை (க3) 400 செண்டில் வைக்காமல் தம்புராவில் கேட்கும் 386-ல் வைக்கலாம்: 8192-ஓடு 1318 கூட்டினால் 9510. பஞ்சமம் 702, சுத்த மத்யமம் 498. தைவதத்துக்கு 884-ஆ 906-ஆ என்பதை ராகத்தைப் பார்த்து முடிவுசெய்ய, இரண்டு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்.

மிடிமேளம்:

ஒத்துக்கறேன், ஆனா பாதிதான். அலைவடிவத்திலிருந்து ஒலி பிறக்கும் சின்தசைசருக்கு இது அருமை. பதிவுசெய்த குழல் ஒலியை ஓட்டும் சவுண்ட்ஃபாண்ட்டுக்குச் சரிப்படாது. ஒரே பதிவை 16 அரைப்படி மேலே இழுத்தா குழல் விசில் மாதிரி ஆயிடும், 19 கீழே இழுத்தா சங்கு மாதிரி. அங்கே ஸ்தாயித் தகடு மாறும்போதாவது புது நோட் அனுப்பணும். பெண்டை முதலில் மாத்தி, உடனே புது நோட்டைத் தொடங்கி, அதுக்குப் பிறகு பழைய நோட்டை நிறுத்துங்க. யுஎஸ்பியில் மூணும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போயிடும். பழைய ஐந்து முள் மிடி கேபிளில் ஒவ்வொரு செய்திக்கும் 0.96 மில்லிவினாடி பிடிக்கும், கொஞ்சம் தெரியலாம்.

சர்ஜ் எக்ஸ்டிங்கற சின்தசைசர் மென்பொருள் இலவசம், மூச்சுக் கட்டுப்பாட்டை நேரா எடுத்துக்கும், தொடங்க அது நல்லது.

புதுக்கை:

ஃப்ளூயிட்சிந்த்தில் (சவுண்ட்ஃபாண்ட் ஓட்டும் மென்பொருள்) முயன்றால் சுரம் மாறுது, ஆனால் மெல்ல ஊதினாலும் பலமாக ஊதினாலும் சத்தம் ஒரே அளவு. மூச்சின் அளவை அனுப்பும் சிசி 2 (மிடி கட்டுப்பாட்டு எண் 2) போவது திரையில் தெரியுது.

மிடிமேளம்:

சிசி 2 மூச்சுக்கான எண்தான், ஆனா சவுண்ட்ஃபாண்ட்டின் இயல்பான அமைப்பில் அதுக்கு எந்த வேலையும் கொடுக்கலை. சிசி 11-ஐயும் சேர்த்து அனுப்புங்க, சத்தம் ஏறி இறங்கும். எண் மாறினா மட்டும் அனுப்புங்க, 5 மில்லிவினாடிக்கு ஒரு தடவை போதும்.

புதுக்கை:

சரியாயிடுச்சு, நன்றி. இன்னொன்று: லேப்டாப் சார்ஜரைச் சொருகினதும் எல்லாத் தகடும் தானாகவே அசையுது. கழற்றினால் அமைதி.

சால்டர்புகை:

ரெண்டு முள் சார்ஜரா இருக்கும். அதோட தரை மிதக்குது, மின்கசிவு உங்க உடம்பு வழியா தகட்டுக்கு வருது. வலது கட்டைவிரல் தரைப்பட்டையில் நல்லாப் படுதான்னு முதலில் பாருங்க. பட்டை நீளம் 5 செ.மீ. இருக்கட்டும், கமகத்தில் கை உருளும்போது விரல் விலகக்கூடாது. பட்டையில் சுருக்குன்னு கூச்சம் தெரிஞ்சா லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்க. அளவுத்திருத்தத்தையும் வாசிக்கும் அதே நிலையில் எடுங்க. சார்ஜரோட எடுத்த எண் பேட்டரிக்குப் பொருந்தாது.

குழல்காற்று:

வியர்வையும் இதே மாதிரிதான் காட்டும். அரைமணி வாசித்தால் கேப்டன் டேப்பின் மேல் ஈரப்படலம் சேர்ந்து, விரலை எடுத்த பிறகும் தகடு 15, 20 சதவீதம் மூடியதாகச் சொல்லும். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே பைப்பைச் சுற்றி 2 மி.மீ. செம்பு வளையம் ஒட்டித் தரையோடு சேர்த்தால் படலம் பக்கத்துத் தகட்டுக்குத் தாவாது. கீர்த்தனைக்குக் கீர்த்தனை ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். மூன்று ஸ்தாயித் தகட்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் திறந்த அளவுகளை மறுபடி எடுக்கும்படி நிரலில் வைத்தால் நடுவில் கணினியைத் தொட வேண்டாம்.

அரைத்துளை:

வடிகட்டியில் கை வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஸ்ருதி நடுங்குகிறது என்று வடிகட்டியைக் கனமாக்கினால் கமகம்தான் முதலில் சாகும். கம்பித கமகத்தில் விரல் வினாடிக்கு 6 முறை அசைகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு 4 மில்லிவினாடியிலும் புது அளவில் 0.3 பங்கு, பழையதில் 0.7 பங்கு என்று கலந்தால் வடிகட்டியின் கால அளவு 11 மில்லிவினாடி. அசைவின் அகலத்தில் 8 சதவீதம்தான் போகும். கால அளவை 40 ஆக்கினால் 45 சதவீதம் போய்விடும். தோடியின் காந்தாரம் தட்டையாகக் கேட்டால் விரலைக் குறை சொல்லும் முன் இந்த எண்ணைப் பாருங்கள். நடுக்கம் இன்னும் இருந்தால் கேப்டன் டேப்பைப் புதிதாக ஒட்டுங்கள், அடியில் காற்றுக்குமிழ் இருக்கும்.

புதுக்கை:

டேப்பை மாற்றினேன், மூன்றாம் தகட்டில் குமிழ் இருந்தது. இப்போது 0.3-லேயே ச நிற்குது, நி3 பிடித்தாலும் நகரவில்லை. ஏழாம் துளைக்கு எந்த எண் வைக்கலாம்?

குழல்காற்று:

ம1-க்கு அரைப்படி கீழே க3, அதாவது ச-விலிருந்து 8 அரைப்படி கீழே என்று வைத்துப் பாருங்கள். மந்திரத் தகட்டோடு சேர்ந்தால் 20, வீச்சு 24-க்குள் அடங்கிவிடும். சுண்டுவிரல் எட்டாவிட்டால் தகட்டைக் கோட்டிலிருந்து 8 மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி ஒட்டுங்கள்.